மீன் செத்த குழாய், மீன் பிழைத்த குழாய்

டிபன் டப்பாவின் மூடியைத் திறந்ததும் கொசு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே மூன்று மீன்கள். ஆரஞ்சு நிறம், கட்டைவிரல் நீளம். மூன்றும் மல்லாந்து கிடந்தன.

"மேடம், மூணு பேரும் காலமாகி ரொம்ப நாளாச்சு. உறவுக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

மேடம் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் சொன்னவர்களை மட்டுமே பார்த்துப் பழகி, அப்புறம் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். சிரிப்பதற்கு முன் அவருக்கு ஆதாரம் வேண்டும். கொசுவுக்கு அதெல்லாம் வேண்டாம். முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, ஓயாத வாய். பெயர் வைத்தது மேடம்தான் என்றாலும் இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

டப்பாவைக் கொண்டுவந்தவள் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. சேலைத் தலைப்பில் இரண்டு குண்டூசிகள் குத்தியபடியே இருந்தன.

"ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன் மேடம். என்னைக்காவது யாராவது கேப்பாங்கன்னு. இந்த மூணையும் நான்தான் விஷம் வெச்சுக் கொன்னேனாம். இப்ப ஒரு மனுஷிக்கும் வெச்சுட்டேனாம். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கார் இன்ஸ்பெக்டர்."

"மனுஷி யாரு?"

"என் வீட்டுக்காரரோட அக்கா. கல்யாணம் பண்ணிக்காம தம்பியை வளர்த்து ஆளாக்கினவங்க. நான் அண்ணின்னு கூப்பிடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கூப்பிட்டேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "முதல்லேர்ந்து சொல்லு."

சொன்னாள். ரெண்டு மாசத்துக்கு முன்னால், குடிநீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் புருஷன் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவந்தான். அக்காவுக்குப் பொழுது போகும் என்றான். சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரை ஊற்றி ஒரு மீனை விட்டார்கள். விளக்கேற்றுவதற்குள் செத்துப்போனது. இரண்டாவது மீன், அதே குழாய், அதே கதி. மூன்றாவதும் அப்படியே. நாலாவது மீனுக்கு, குளியலறைக் குழாயில் பிடித்து ஊற்றிப் பார்க்கலாமே என்றான் புருஷன். அந்த மீன் இன்றைக்கும் நீந்திக்கொண்டிருக்கிறது.

"நாலாவது மீன் பிழைச்ச அன்னிக்கு அவர் நேரா எதுவும் சொல்லல மேடம். தொட்டியைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'சமையலறைல உன்னைத் தவிர யார் புழங்கறா?'ன்னு கேட்டார். அவ்வளவுதான். அண்ணி கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சாங்க."

"அதுக்கப்புறம்?"

"நான் சமைச்சதைத் தொடல. ஒன்றரை மாசமாத் தனியாப் பொங்கித் திங்கறாங்க. குடிக்கறது குளியலறைத் தண்ணி. மீன் பிழைச்ச தண்ணியாச்சே. ஆனா அதுக்கப்புறம்தான் உடம்பு நாளுக்கு நாள் மோசம். வாந்தி, காய்ச்சல், வயித்துவலி. அஞ்சு நாளா ஆஸ்பத்திரியில. நான் இதுலயும் ஏதோ கலந்துட்டேன்னு கத்தறாங்க."

"நீ எந்தத் தண்ணி குடிக்கிறே?" என்றான் கொசு.

"சமையலறைத் தண்ணிதான். அதுக்கும் பதில் வெச்சிருக்காங்க. எதுல எப்ப கலக்கறோம்னு எனக்குத் தெரியுமாம், அதனால தப்பிச்சுக்கறேனாம்."

"உன் வீட்டுக்காரர்?"

"அவர் வெளியில சாப்பிட்டுருவார். தண்ணி ஆபீஸ்லேர்ந்து பாட்டில்ல வரும்."

மேடம் எழுந்து செருப்பைத் தேடினார். அப்படி என்றால் கேஸை எடுத்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம்.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் முன்னறை. இரண்டு தையல் மெஷின்கள். ஒன்று அறையின் நடுவைப் பார்த்து இருந்தது. இன்னொன்று சுவரைப் பார்த்து.

"அண்ணியோடது" என்றாள் தையல்காரி. "ஆறு வருஷமா எதிர் எதிர்ல உட்கார்ந்து தைச்சோம். சிரிக்கிற சிரிப்புல பாபின் சிக்கிக்கும். அவங்களேதான் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க. என் முகத்துல முழிக்கப் பிடிக்கலையாம்."

மேடம் மெஷினைத் தடவிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து, கையில் ஏந்தி முகர்ந்தார். வாயில் ஊற்றிக் குடித்தார்.

"மேடம்!" என்று அலறினான் கொசு. "இந்த மாசச் சம்பளம் வாங்கின அப்புறம் குடிச்சிருக்கலாமே!"

"நீச்சல் குளத்து வாசனை அடிக்குது. நீ மொட்டை மாடிக்கு ஏறு. டாங்க்குல என்ன இருக்குன்னு பார்த்துட்டு வா. குழாய் எது எங்கேர்ந்து வருதுன்னும் பாரு."

மாடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடி பாதி உடைந்திருந்தது. கொசு எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் தலையை இழுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நாலு தடவை எச்சில் துப்பினான். மறுபடி பார்த்தான். பச்சை நிறத் தண்ணீர். ஓரமாக ஒரு புறா, அல்லது புறாவாக இருந்த ஏதோ ஒன்று. இறகு மட்டும் தனியாக மிதந்தது.

கீழே இறங்கி வந்தபோது அவன் முகம் தொட்டித் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"மேடம், என் சொந்தக்காரங்க ஆயிரம் பேர் புழுவா நெளிஞ்சிட்டு இருக்காங்க. கூட ஒரு புறா, அது செத்து எத்தனை வாரமோ. குளியலறைக் குழாய்க்கு அங்கேர்ந்துதான் தண்ணி இறங்குது. சமையலறைக் குழாய்க்கும் டாங்க்குக்கும் சம்பந்தமே இல்ல. அது தெருக் குழாய்லேர்ந்து நேரா வருது."

தையல்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அண்ணி அதையா குடிச்சாங்க?"

"டாங்க் கழுவறது யார் வேலை?" என்றார் மேடம்.

"அவர்தான். போன மாசம்கூட மேல ஏறினார். சுத்தமா இருக்குன்னார்."

மேடம் இரண்டு காலி பாட்டில்கள் கேட்டு வாங்கினார். ஒன்றில் சமையலறைத் தண்ணீர், ஒன்றில் குளியலறைத் தண்ணீர். காகிதம் ஒட்டி, எது எதுவென்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

*

பம்ப் ஹவுஸ் மூன்று தெரு தள்ளி இருந்தது. ஆற்றிலிருந்து வரும் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்கு அனுப்பும் இடம். வாசலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஆபரேட்டர், ஆபரேட்டர் கையில் நேற்றைய பேப்பர்.

"வீட்டுல மீன் தொட்டி வைக்கப்போறோம்" என்றார் மேடம், குழைவாக. "குழாய்த் தண்ணி மீனுக்கு ஒத்துக்குமான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

ஆபரேட்டர் பேப்பரைத் தூக்கிப் போட்டார். ஆயுசு பூராவும் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். ஓர் அறை. சுவரோரம் பெரிய கண்ணாடித் தொட்டி. பத்துப் பன்னிரண்டு மீன்கள்.

"இவங்கதான் எங்க வாட்ச்மேனுங்க. ஆத்துத் தண்ணி முதல்ல இவங்க வழியாப் போகும். ஆத்துல எவனாவது எதையாவது கலந்திருந்தா இவங்க மேல வந்து வாயைப் பிளப்பாங்க, உடனே மோட்டாரை நிறுத்திருவோம்."

"யூனியன் கிடையாதா?" என்றான் கொசு.

"பென்ஷனும் கிடையாது." ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே சமையலறை பாட்டிலைத் திறந்து, ஒரு சின்னக் குழலில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது.

"குளோரின். நல்லாவே இருக்கு. எங்களுக்குப் பக்கத்து வீடா? அப்ப அப்படித்தான் இருக்கும். மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது, கிருமியைக் கொல்லும், அதுக்குத்தான் போடறது. ஆனா மீனுக்குச் செவுள் வெந்துரும். நேராப் பிடிச்சு ஊத்தினா சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

அடுத்தது குளியலறை பாட்டில். இரண்டு சொட்டு. நிறம் மாறவே இல்லை. ஆபரேட்டர் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"திறந்த டாங்க்குல வெயில்ல கிடந்த தண்ணி. குளோரின் பறந்துபோச்சு. இதுல மீன் பிழைச்சுக்கும். ஆனா இதுல நான் கால்கூடக் கழுவ மாட்டேன்."

"அப்ப மீன் செத்த தண்ணி மனுஷங்களுக்கு, மீன் பிழைச்ச தண்ணி..."

"மனுஷங்களைக் கொல்லும். கரெக்டாப் பிடிச்சீங்க! எங்க ரீடிங் சாரும் இதே கேள்வியை இதே மாதிரிதான் கேட்டார். எப்ப... ஒரு மூணு மாசம் இருக்கும். மூணு நாள் துளைச்சு எடுத்தார். எத்தனை மணி நேரத்துல சாகும், எந்தத் தண்ணியில சாகாது, எல்லாம் கேட்டுத் தாள்ல குறிச்சுக்கிட்டார்."

கொசுவின் வாயிலிருந்த அடுத்த ஜோக் வாயிலேயே நின்றது.

"ரீடிங் சாரா?" என்றார் மேடம்.

"ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவர். மேலதிகாரியோட ஏதோ தகராறு, நாலு மாசம் முன்னால இங்கே தூக்கிப் போட்டுட்டாங்க. தினம் காலையில குளோரின் அளவு பார்த்து எழுதணும். அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு லீவுல இருக்கார், பாவம்."

மேடம் மேஜைமேல் இருந்த ரெஜிஸ்டரைத் திருப்பினார். ஒவ்வொரு நாளும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து. வாலில் மூன்று சுழி. கைப்பையிலிருந்து, தையல்காரி கொடுத்திருந்த, அவள் புருஷன் எழுதிய போலீஸ் புகாரின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் வாலில் மூன்று சுழி.

வெளியே வந்ததும் கொசு கேட்டான். "பொம்பளை யாராச்சும் இருக்காளா மேடம்? சாதாரணமா அதுதானே?"

"சாதாரண ஆளு மூணு மீனைச் சாகடிச்சுக் கேஸ் ஜோடிக்க மாட்டான். வண்டியை எடு."

*

ஆஸ்பத்திரியில் மணி நாலே கால். பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில். நாத்தனார் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தாள். கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. பக்கத்து ஸ்டூலில் தம்பி. கட்டில் கால்மாட்டில் இன்ஸ்பெக்டர், வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்க மைப்பெட்டியோடு நின்றிருந்தார். பேனா பிடிக்கக்கூட அந்த விரல்களுக்குத் தெம்பில்லை.

தையல்காரி உள்ளே வரவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்ஸ்பெக்டர் சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார் மேடம். "தண்ணியைச் சோதனைக்கு அனுப்பினீங்களா?"

"அனுப்பியாச்சு. முடிவு வர இருபது நாள் ஆகும்."

"நான் இப்பவே சொல்லிடறேன். கொசு, ரெண்டு டம்ளர்."

கொசு நர்ஸிடம் கெஞ்சி இரண்டு கண்ணாடி டம்ளர்கள் வாங்கிவந்தான். மேடம் இரண்டு பாட்டில்களையும் லேபிள் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு டம்ளரிலும் ஒவ்வொன்றை ஊற்றினார். டம்ளர் அளவில் பச்சை தெரியவில்லை, பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான்.

"இது சமையலறைக் குழாய். மூணு மீனைக் கொன்னது." டம்ளரை எடுத்து, ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்துக் காட்டினார். நாத்தனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இது குளியலறைக் குழாய். மீன் இன்னும் நீந்திட்டு இருக்கு. உங்க அக்கா நம்பிக் குடிச்சது இதைத்தான்." மேடம் அந்த டம்ளரைத் தம்பிக்கு நேரே நீட்டினார். "நல்ல தண்ணிதானே? ஒரு மடக்கு குடிங்க. இப்பவே கேஸை விட்டுட்டுப் போயிடறேன்."

அவன் டம்ளரை வாங்கவில்லை.

"இதென்ன நாடகம்? எனக்குத் தாகமில்ல."

"ஒரு வாய் போதும். நாக்கு நனைஞ்சா போதும்."

"எனக்கு எதுக்கு? அதுலயும் அவ என்ன கலந்திருக்காளோ..."

"நானே பிடிச்சேன். அவ கை படல." மேடத்தின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "இல்ல, மாடியில மூடி உடைஞ்ச டாங்க்குல என்ன மிதக்குதுன்னு போன மாசம் ஏறினப்ப பார்த்துட்டீங்களா?"

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் வீட்டில் மூத்தவளின் குரல்.

"குடிடா."

"அக்கா, இவங்க ஏதோ..."

"ஒன்றரை மாசமா நான் குடிச்சதுதானேடா. குடி."

அவன் டம்ளரை வாங்கினான். வாய் வரைக்கும் கொண்டுபோனான். உதடு ஓரத்தில் பட்டதுமே முகம் கோணிக்கொண்டது. டம்ளரை மேஜைமேல் டக்கென்று வைத்துவிட்டு, சட்டைக் கையால் உதட்டைத் தேய்த்தான். தோல் உரியும்படி தேய்த்தான்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் அக்கா. அழவில்லை. கைநாட்டு வைக்க நீட்டியிருந்த கட்டைவிரலை மட்டும் மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

மேடம் பம்ப் ஹவுஸ் விஷயத்தை இன்ஸ்பெக்டரிடம் நாலு வரியில் சொன்னார். மூன்று நாள் கேள்வி, தாளில் எழுதிய குறிப்பு, நாலு மாசமாக வீட்டுக்கே சொல்லாத இடமாற்றம்.

"ஏன்டா?" என்றாள் அக்கா. "உனக்கு என்ன குறை வெச்சேன்?"

அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "ஆறு வருஷம் அக்கா. நான் வாசல்ல செருப்பைக் கழட்டுவேன், உள்ளே சிரிப்புச் சத்தம் கேக்கும். உள்ளே வந்ததும் நின்னுடும். ரெண்டு பேரும் மெஷினைப் பார்த்துக் குனிஞ்சுக்குவீங்க. என்னைப் பத்தித்தானே சிரிச்சீங்க? உன் தம்பி நான். எனக்குப் பெண்டாட்டி அவ. ஆனா அந்த வீட்டுல நான் யாரு? வாடகைக்கு இருக்கிறவனா?"

"உன்னைப் பத்திச் சிரிக்கலடா" என்றாள் அக்கா. "என்னத்துக்கோ சிரிச்சோம். இப்ப ஞாபகம்கூட இல்ல."

"உங்களைப் பிரிக்கணும்னுதான் நெனைச்சேன். நீ இவ்வளவு சீக்கிரம் நம்புவேன்னு எனக்கே தெரியாது. மூணே மூணு மீனுக்கா."

அது அக்காவை அடித்த அடி. கொசுவே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மேடத்தை வராந்தாவுக்கு அழைத்துவந்தார். "அந்தம்மா மேல கேஸ் இல்ல, விட்டாச்சு. ஆனா இவன் மேல எதை எழுதறது? விஷம் வைக்கல. புறாவை இவன் போட்டதுக்குச் சாட்சி இல்ல, அதுவாவும் விழுந்திருக்கலாம். அதைக் குடின்னும் சொல்லல, அக்காவாத்தான் குடிச்சாங்க. பொய்ப் புகார்னு எழுதினா, சந்தேகப்பட்டேன்னு சொல்லிட்டு வெளியில வந்துருவான். டாங்க்கைக் கழுவாதவன்னு உள்ள தள்ள முடியுமா? ஊருல பாதிப் பேரை உள்ள தள்ளணும்."

"அவங்க அக்கா புகார் கொடுத்தா?"

இன்ஸ்பெக்டர் வார்டுக் கதவைப் பார்த்தார். "கேட்டேன். வேணாம்னு தலையை ஆட்டிட்டாங்க."

*

மாடிப்படியில் தையல்காரி குண்டூசியைத் தலைப்பில் குத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மேடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அண்ணி உன்னைக் கூப்பிடறாங்க" என்றான் கொசு.

"நான் பண்ணலைன்னு எப்ப நம்பினாங்க?"

கொசு மேடத்தைப் பார்த்தான். கேஸ் கொண்டுவந்தவர்களிடம் மேடம் பொய் சொல்வதில்லை. "உன் வீட்டுக்காரர் குடிக்க மாட்டேன்னதும்."

"அதுவரைக்கும் நம்பல." அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நாலாவது மீன் பிழைச்ச அன்னிக்கு, நான் பண்ணலைன்னு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் மேடம். என் கையை உதறிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினாங்க. அவரை மன்னிச்சாலும் மன்னிப்பேன். அவர் என்னைக்கும் எனக்கு அவ்வளவு நெருக்கமில்ல. அண்ணியை முடியாது."

"அவங்க நெலமை மோசம்மா" என்றான் கொசு. "உள்ள வந்து ஒரு நிமிஷம்..."

"எம்மேல கேஸ் இல்லையே?"

"இல்ல."

"அப்ப நான் வரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினாள். தெருவில் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம்" என்றான் கொசு, பஸ் போன பிறகு. "அந்த அக்கா கண்ணு முன்னாடி எல்லாத்தையும் போட்டு உடைச்சிருக்க வேணாமோ? தம்பியை நம்பிக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"நம்ம கிட்ட கேஸ் கொண்டுவந்தது அவங்க இல்ல" என்றார் மேடம்.

அதற்கு ஆறாம் நாள் காலை, மேடம் கொடுத்தனுப்பிய ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்து வாங்கக் கொசு மறுபடி அந்த வார்டுக்குப் போனான். கடைசிக் கட்டிலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். டிஸ்சார்ஜ். அக்காவுக்கு நடக்கத் தெம்பில்லை. தையல்காரி தன் மெஷினை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டதாக வார்டு பூராவும் தெரிந்திருந்தது. அக்காவுக்கு வேறு வீடு இல்லை, வேறு ஆள் இல்லை.

தம்பி அவளைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தான். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டான். ஸ்பூனால் கஞ்சி ஊட்டினான். ஒவ்வொரு வாய்க்கும் ஊதி ஆற்றி, மோவாயில் வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தான். அவன் முகத்தில் வெட்கமோ பயமோ எதுவும் இல்லை. நெடுநாள் கேட்டது கிடைத்துவிட்ட பிள்ளையின் முகம் அது.

அக்கா ஒவ்வொரு தடவையும் ஸ்பூனைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள், அப்புறம் வாயைத் திறந்தாள்.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் கொசுவின் அருகில் நின்று, மனசு நிறைந்து பெருமூச்சு விட்டாள்.

"பார்த்தீங்களா சார்? ராத்திரி பகல்னு பார்க்காம கூடவே இருந்தார். பெண்டாட்டியே விட்டுட்டுப் போயிட்டாளாம், இவர் அக்காவை விடல." குரலை உயர்த்தி, நாற்காலியில் இருந்தவளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும், இல்லம்மா?"

வாயில் இருந்த கஞ்சியை விழுங்கிவிட்டு, அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.